மும்பை விக்டோரியா டெர்மினஸின் அலங்காரக் கட்டடக்கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: இந்தப் பக்கத்தில் பேசப்படுவது எந்த நிலையம்? அதற்கு ஏன் இத்தனை பெயர்கள்?

மும்பையின் தென்பகுதியில், மத்திய ரயில்வேயின் தலைமையகமாக இன்றும் இயங்கிவரும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையமே இது. 1887-இல், விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவின்போது, இதற்கு விக்டோரியா டெர்மினஸ் என்று பெயரிட்டார்கள். 1996-இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. 2017-இல் 'மகாராஜ்' சேர்ந்தது. நகரவாசிகள் பலர் இப்போதும் 'வி.டி.' என்றே சொல்கிறார்கள். இதற்கு முன்பு அந்த இடத்தின் பெயர் போரி பந்தர். 1853 ஏப்ரல் 16-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தாணேவுக்குப் புறப்பட்டது அங்கிருந்த எளிய நிலையத்திலிருந்துதான். 2004-இல் யுனெஸ்கோ இந்த நிலையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: இதை வடிவமைத்தவர் யார்?

ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த இவர் 1867-இல் இந்தியாவுக்கு வந்து பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். பம்பாயில் மாலுமிகளுக்கான ராயல் ஆல்ஃபிரட் இல்லத்தைக் கட்டிப் பெயர் பெற்ற பிறகு, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே கம்பெனி இந்தப் பணியை இவரிடம் ஒப்படைத்தது. பொறுப்பேற்றதும் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள பெரிய நிலையங்களைச் சுமார் பத்து மாதங்கள் பார்வையிட்டுத் திரும்பினார். 1878-இல் தொடங்கிய பணி முழுமையாக முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. செலவு 16 லட்சம் ரூபாயைத் தாண்டியது. கட்டுமான மேற்பார்வையில் ராவ்சாஹேப் சீதாராம் கண்டேராவ் போன்ற இந்தியப் பொறியாளர்களும் இருந்தார்கள் என்பதைக் கட்டடத்தைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

கேள்வி: விக்டோரிய கோதிக் பாணி என்றால் என்ன?

கூர்நுனி வளைவுகள், விலா எலும்புகளைப் போலக் கல் வரிகள் ஓடும் கூரை, வானை நோக்கி ஒடுங்கும் சிறு கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியவை இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் அடையாளங்கள்; அந்தப் பாணிக்குக் கோதிக் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இயந்திரத் தொழில் உச்சத்தில் இருந்த காலத்தில், இதே பாணியை மீட்டெடுத்துத் தேவாலயங்களுக்கு மட்டுமல்லாமல் நீதிமன்றம், பல்கலைக்கழகம், விடுதி, ரயில் நிலையம் என எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள்; விக்டோரியாவின் ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்ததால் விக்டோரிய கோதிக் ஆயிற்று. மும்பை நிலையத்தில் இருப்பது அதிலும் இத்தாலியச் சாயல் கொண்ட வகையாகும். ஒரே சுவரில் வெவ்வேறு நிறக் கற்களை அடுக்குவது, வளைவுகளை மெல்லிய தூண்களின் மேல் வரிசையாக நிறுத்துவது ஆகியவை வெனிஸ் நகர மாளிகைகளிலிருந்து வந்தவை.

கேள்வி: ஒரு ரயில் கம்பெனி இவ்வளவு அலங்காரத்துக்கு ஏன் செலவு செய்தது?

முதல் காரணம், இது நிலையம் மட்டுமல்ல. கம்பெனியின் தலைமை அலுவலகமும் இதுவே. சாலையில் நின்று பார்க்கும்போது கண்ணில் படும் குவிமாடம், கோபுரங்கள், வராந்தாக்கள் அனைத்தும் அலுவலகக் கட்டடத்தைச் சேர்ந்தவை. ரயில்கள் வந்து நிற்கும் நடைமேடைகளும் அவற்றின் இரும்புக் கூரையும் தனியே இருக்கின்றன. அலங்காரம் முழுவதும் நகரத்தைப் பார்த்த முகத்துக்கே கிடைத்தது; தண்டவாளத்தின் பக்கம் கம்பெனி சிக்கனமாகவே நடந்துகொண்டது.

இரண்டாவது காரணம், அன்றைய பம்பாயின் பணப்புழக்கமும் போட்டியும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றுபோக, அந்தத் தேவை பம்பாய்த் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. அதே பத்தாண்டில் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரீயர் பழைய கோட்டை மதில்களை இடிக்கச் செய்தார். நகரின் நடுவே பெரிய வெற்றிடம் கிடைத்தது. அந்த வெளியை ஒட்டித் தலைமைச் செயலகம், பல்கலைக்கழகம், உயர் நீதிமன்றம் என்று கோதிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அந்த வரிசைக்குப் பின்னால் வந்த ரயில் கம்பெனி, தான் அவற்றுக்குக் குறைந்தவன் அல்ல என்று காட்ட விரும்பியதில் வியப்பில்லை.

கேள்வி: மையக் குவிமாடத்தின் சிறப்பு என்ன?

கோதிக் கட்டடத்துக்குக் குவிமாடம் இயல்பான உறுப்பு அல்ல. கூர்நுனிக் கோபுரமே அதன் வழக்கம். ஸ்டீவன்ஸ் இங்கே எண்கோண அடித்தளத்தின் மேல் விலாக்கள் புடைத்துத் தெரியும் கற்குவிமாடத்தை எழுப்பினார். வழக்கமாகக் குவிமாடம் கட்டும்போது உட்புறத்தில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் கற்களை அடுக்கி, சாந்து இறுகிய பிறகு சாரத்தைப் பிரிப்பார்கள். இங்கே அப்படி உள்தாங்கல் இல்லாமலே, ஒன்றுக்குள் ஒன்று பொருந்திப் பூட்டிக்கொள்ளும்படி கற்களைச் செதுக்கி ஏற்றினார்கள். கோதிக் கட்டடமொன்றில் அன்று அது புதிய முயற்சி. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இந்திய அரண்மனை ஒன்றின் தோற்றத்தைத் தருவதும் இந்தக் குவிமாடந்தான். யுனெஸ்கோவின் குறிப்பும் இந்திய அரண்மனைக் கட்டுமானத்தோடு உள்ள நெருக்கத்தைச் சுட்டுகிறது.

அதன் உச்சியில் நிற்கும் பெண் உருவத்தை விக்டோரியா அரசி என்று பலர் கருதுகிறார்கள். அது தவறு. அவள் 'முன்னேற்றம்' என்ற கருத்தின் உருவகம். உயர்த்திய வலக்கையில் தீப்பந்தம், இடக்கையின் கீழே ஆரக்கால் சக்கரம். பந்தம் அறிவையும் சக்கரம் இயந்திரப் போக்குவரத்தையும் குறிக்கின்றன என்று கொள்ளலாம். இதைச் செதுக்கியவர் தாமஸ் ஏர்ப் என்ற ஆங்கிலேயச் சிற்பி. லண்டனில் சேரிங் கிராஸ் ரயில் நிலைய முற்றத்தில் 1865-இல் நிறுவப்பட்ட எலியனோர் நினைவுச் சிலுவையின் சிற்ப வேலையும் இவருடையதே.

கேள்வி: வாயில் தூண்களின் மேல் இருக்கும் சிங்கமும் புலியும் எதைக் குறிக்கின்றன?

சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா. இவையும் ஏர்ப்பின் கைவண்ணம். பொறியியல், வேளாண்மை, வணிகம் ஆகியவற்றை மனித உருவங்களாகக் காட்டும் முகப்பு உச்சிச் சிற்பங்களும் அவருடையவையே. நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை என்றாலும், இவை எந்தப் பிரிட்டிஷ் நகரத்தின் வங்கி முகப்பிலும் பொருந்திவிடக்கூடிய பொது உருவங்கள். இந்தக் கட்டடத்துக்கு மட்டுமே உரிய சிற்பங்களைக் காண வேண்டுமானால் பார்வையைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மற்றச் சிற்பங்களைச் செதுக்கியவர்கள் யார்?

பம்பாய் ஓவியக் கல்லூரியின், அதாவது இன்றைய சர் ஜே.ஜே. கலைக் கல்லூரியின், மாணவர்களும் உள்ளூர்க் கைவினைஞர்களும். கல்லூரி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் இருக்கிறது. 1865 முதல் பத்து ஆண்டுகள் அங்கே கட்டடச் சிற்பம் கற்பித்த லாக்வுட் கிப்ளிங், இந்தியச் செடிகொடிகளையும் உயிரினங்களையும் நேரில் பார்த்துச் செதுக்கும் பழக்கத்தை மாணவர்களிடம் வேரூன்றச் செய்தார். நிலையத்தின் அலங்கார வேலை நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் ஜான் கிரிஃபித்ஸ். அஜந்தா குகை ஓவியங்களைப் படியெடுக்க, 1872 தொடங்கி ஆண்டுக்கணக்கில் மாணவர்களை அழைத்துச் சென்றவரும் இவரே. ஆகவே ஒரே கல்லூரி, ஒரே காலத்தில், ஒரு பக்கம் அஜந்தாவின் சுவர்களைப் பார்த்து வரைந்துகொண்டும் மறுபக்கம் ரயில் நிலையத்துக்குக் கற்களில் பூவும் பறவையும் செதுக்கிக்கொண்டும் இருந்தது.

கற்சிற்பங்களோடு வேலை முடியவில்லை. மர வேலைப்பாடுகள், ஓடுகள், பயணச்சீட்டுச் சாளரங்களின் பித்தளை மற்றும் இரும்புக் கிராதிகள், பெரிய மாடிப்படியின் கைப்பிடிகள் ஆகியவையும் கல்லூரியின் பங்களிப்பே.

கேள்வி: எந்தெந்தக் கற்கள் பயன்பட்டன? நிற வேறுபாடு வேண்டுமென்றே செய்யப்பட்டதா?

ஆம். சுவர்களின் பெரும்பகுதி, இன்றைய மும்பைப் புறநகரான மலாட் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வந்த மஞ்சள் சாயல் கொண்ட கடினமான எரிமலைக் கல்லால் ஆனது. செதுக்கு வேலை உள்ள இடங்களில் குஜராத்தின் போர்பந்தரிலிருந்து கடல்வழியே வந்த வெளிர்நிறச் சுண்ணக்கல்லைப் பயன்படுத்தினார்கள். பயணச்சீட்டுக் கூடத்தில் மெருகேற்றிய இந்திய நீலக்கல்லும் இத்தாலியப் பளிங்கும் சேர்ந்துகொண்டன.

இந்தப் பங்கீட்டுக்கு அழகைத் தாண்டிய காரணமும் உண்டு. மலாட் கல் எடையைத் தாங்கும், மழையைத் தாங்கும். ஆனால் அதில் மயிலின் கழுத்து வளைவைக் கொண்டுவர உளி படாத பாடு படும். போர்பந்தர் கல் மென்மையானது; இலையின் நரம்பைக்கூட அதில் எடுக்கலாம். அந்த மென்மையே அதன் பலவீனமும் ஆயிற்று. மும்பையின் உப்புக் காற்றும், நான்கு மாதப் பெருமழையும், வாகனப் புகையும் முதலில் தின்பது சுண்ணக்கல்லைத்தான். சில பூவேலைப்பாடுகளின் விளிம்புகள் மழுங்கிக் கிடக்க, அவற்றை ஒட்டிய மலாட் கற்சுவர் நேற்றுக் கொத்தியதுபோல் கூர்மையாக இருப்பதை அருகில் சென்றால் காணலாம்.

கேள்வி: விலங்குகளும் பறவைகளும் எங்கே இருக்கின்றன? அவை வெறும் அலங்காரமா?

ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கின்றன. வளைவுகளுக்கும் அவற்றுக்குள் அமைந்த சாளரங்களுக்கும் இடையே எஞ்சும் முக்கோணப் பரப்பில் தோகையோடு மயில் நிற்கும். தூண்களின் போதிகைகளில், அதாவது தலைப்பகுதிகளில், சுருண்ட இலைகளுக்கு நடுவே குரங்கும் அணிலும் எட்டிப் பார்க்கும். இலைகளும் ஐரோப்பியக் கோதிக்கில் வழக்கமாக வரும் ஓக், திராட்சை வகைகளோடு நின்றுவிடவில்லை. நம் மண்ணின் தாவரங்களும் உள்ளே நுழைந்துவிட்டன.

தூண் போதிகைகளில் இரண்டு ஒன்றுபோல் இருப்பது அரிது. இது தற்செயல் அல்ல. செதுக்குபவரின் கைக்குச் சுதந்திரம் வேண்டும், அச்சில் வார்த்ததுபோல் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது உயிரற்றது என்பது அன்றைய கோதிக் மறுமலர்ச்சியாளர்களின் உறுதியான நம்பிக்கை. இங்கிலாந்தில் ஏட்டளவில் நின்ற அந்தக் கொள்கை, கல்தச்சு மரபு அறுபடாமல் இருந்த இந்தியாவில் எளிதாகவே கைகூடியது என்பது என் கருத்து.

சுவரின் மேல் விளிம்பிலிருந்து விலங்குத் தலைகள் வெளியே நீண்டிருப்பது வேறு வகை. கோதிக் மரபில் அவை மழைநீர்த் தூம்புகள். கூரையில் விழும் நீர் சுவரில் வழியாமல் விலங்கின் வாய் வழியே தள்ளிச் சென்று விழும். கருவறையிலிருந்து திருமஞ்சன நீர் வெளியேறும் நம் கோயில் கோமுகியும் இதே தேவைக்கு அமைந்த உறுப்புதான். பிரான்சின் தேவாலயங்களில் அந்தத் தலைகள் அரக்க வடிவம் கொண்டவை. இங்கே பெரும்பாலும் பார்த்துப் பழகிய மிருகங்களாகவே இருக்கின்றன.

கேள்வி: முகப்பில் வட்டங்களுக்குள் தெரியும் மனித முகங்கள் யாருடையவை?

இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பெனியோடும் ரயில்வேயின் தொடக்கத்தோடும் தொடர்புடைய பெரிய மனிதர்கள். ஆங்கிலேயர்களோடு சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், ஜகந்நாத் சங்கர்சேட் ஆகிய இரு இந்தியர்களின் முகங்களும் அங்கே உள்ளன. பம்பாய்க்கு ரயில் வேண்டும் என்று 1840-களிலேயே முயன்றவர்கள் இவர்கள். ஜீஜீபாய் 1859-லும் சங்கர்சேட் 1865-லும் காலமானதால், இந்தக் கட்டடத்தை இருவருமே பார்க்கவில்லை.

மற்ற வகையில் பெயர்கள் கிடையாது. வெவ்வேறு விதமாகத் தலைப்பாகை கட்டிய இந்திய முகங்கள் அவை. பம்பாயின் பல சமூகத்தவரைக் குறிக்கின்றன. சுற்றிய துணியின் மடிப்பு, அதன் சாய்வு, மீசையின் முறுக்கு எல்லாம் தனித்தனியே செதுக்கப்பட்டிருக்கின்றன. ரயில் எல்லாச் சமூகத்தவரையும் ஏற்றிச் செல்லும் என்ற அறிவிப்பாக இதைப் படிப்பவர்கள் உண்டு. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்த அதே காலத்தில், ஆளப்படுகிறவர்களைச் சாதிவாரியாகவும் தோற்றவாரியாகவும் வகைப்படுத்தி அடுக்கிய காலனியப் பழக்கத்தின் கற்பதிப்பு என்று படிப்பவர்களும் உண்டு. இயக்குநர்களுக்குப் பெயரும், பயணிகளுக்கு வகையும் என்று பிரித்திருப்பதைப் பார்க்கும்போது இரண்டாவது வாசிப்பே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் அந்த முகங்களைச் செதுக்கிய கைகள் அவற்றை வகைகளாக மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஓர் ஆளைப் போலவே இருக்கிறது.

கேள்வி: கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் மாடம் ஏன் காலியாக உள்ளது?

அங்கே விக்டோரியா அரசியின் சிலை இருந்தது. விடுதலைக்குப் பிறகு, காலனிய ஆட்சியாளர்களின் சிலைகளைப் பொது இடங்களிலிருந்து நீக்கியபோது அதுவும் அகற்றப்பட்டது. வேறு எந்த உருவமும் அங்கே வைக்கப்படவில்லை. மேலே இருக்கும் கடிகாரத்தின் முகப்பு பத்தடிக்கும் அதிக விட்டம் கொண்டது. முகப்பின் நடு அச்சில் கடிகாரத்துக்கு இடம் கொடுத்தது ரயில்வே அட்டவணையின் அதிகாரத்தை நகருக்கு உணர்த்தும் ஏற்பாடு.

கேள்வி: நட்சத்திரக் கூடம் என்பது எது?

வடக்குப் பகுதியில் இருக்கும் பயணச்சீட்டுக் கூடம். பளிங்குத் தூண்களிலிருந்து கிளம்பும் விலா வளைவுகள் மேலே குறுக்கும் நெடுக்கும் சந்திக்க, இடைப்பட்ட கூரைப் பரப்பு ஆழ்ந்த நீலத்தில் பொன் நட்சத்திரங்களோடு தீட்டப்பட்டிருந்தது; அதனால்தான் அந்தப் பெயர். சுவர்களின் கீழ்ப்பகுதிக்கு இங்கிலாந்தின் 'மா' (Maw) என்ற கம்பெனி தயாரித்த பளபளப்பான ஓடுகளைப் பதித்தார்கள். ஈரக்கையும் வியர்வைத் தோளும் உரசும் உயரம் வரை ஓடு, அதற்கு மேல் கல், அதற்கும் மேல் வண்ணம் என்ற வரிசை பயன்பாட்டை நன்கு அறிந்த ஒருவரின் திட்டம்.

இந்தக் கூடத்தில் இன்றும் சீட்டுக் கொடுக்கிறார்கள். தலைக்குமேல் இருக்கும் வளைவுகளை நிமிர்ந்து பார்க்க வரிசையில் நிற்பவருக்கு நேரம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: குவிமாடத்தின் உட்புறம் எப்படி இருக்கும்?

அதன் நேர்கீழே தலைமை அலுவலகத்தின் பெரிய மாடிப்படி இருக்கிறது. படிக்கற்களின் ஒரு முனை சுவருக்குள் செருகப்பட்டிருக்க, மறுமுனை தூண் எதுவும் தாங்காமல் அந்தரத்தில் நீள்கிறது. குவிமாடத்தின் கழுத்துப் பகுதியில் சுற்றிலும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அவற்றின் வழியே வடிந்து வரும் வெளிச்சம் மூன்று தளங்களையும் கடந்து கீழே இறங்குகிறது. வெயில் கொளுத்தும் நகரத்தில் வண்ணக் கண்ணாடி அழகு மட்டுமல்ல. கண் கூசாமல் காக்கும் வடிகட்டியும்கூட. முகப்பு நெடுகிலும் ஓடும் ஆழமான வராந்தாக்களுக்கும் அதே நோக்கம் உண்டு. லண்டன் கோதிக்கில் வெயிலுக்கு ஒதுங்க வராந்தா தேவைப்படவில்லை. பம்பாய் கோதிக்கில் அது இல்லாமல் முடியாது.

கேள்வி: லண்டனின் செயின்ட் பாங்கரஸ் நிலையத்தின் நகல் இது என்கிறார்களே?

ஒப்பீட்டில் நியாயம் உண்டு, 'நகல்' என்ற சொல்லில் இல்லை. செயின்ட் பாங்கரஸின் முன்னால் நிற்கும் விடுதியைக் கட்டிய ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், இந்தியாவுக்கு வராமலே பம்பாய்ப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும் வரைபடம் அனுப்பியவர்; அவருடைய தாக்கம் ஸ்டீவன்ஸிடம் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் செயின்ட் பாங்கரஸ் செங்கல்லால் ஆனது. சமச்சீர் இல்லாமல் ஒரு முனையில் கடிகாரக் கோபுரத்தோடு வளைந்து செல்வது. மும்பையில் இருப்பது கல்லாலான கட்டடம். இரு பக்கமும் சிறகுகள் நீட்டி, நடுவே குவிமாடத்தை வைத்து, சமச்சீராக நிற்பது. செயின்ட் பாங்கரஸின் உண்மையான வியப்பு, வில்லியம் ஹென்றி பார்லோ 1868-இல் சுமார் 240 அடி அகலத்துக்கு ஒரே வளைவாக அமைத்த இரும்புக் கூரை. அதற்கு ஈடாகச் சொல்ல மும்பையின் நடைமேடைகளில் ஒன்றுமில்லை.

கேள்வி: சென்னை எழும்பூர் நிலையமும் இதே பாணியா?

இல்லை. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் இந்தோ-சாரசெனிக் வகையைச் சேர்ந்தது. அதில் முகலாய, ராஜபுத்திரக் கட்டடங்களின் வடிவங்களே முதன்மை. மும்பையில் எலும்புக்கூடு கோதிக். அதன்மேல் இந்திய உருவங்கள் படர்ந்திருக்கின்றன. மும்பை நிலையத்தை இந்தோ-சாரசெனிக் என்று எழுதுவது இணையத்தில் பரவலாக உள்ள பிழை. சென்னையில் இதற்கு ஓரளவு நெருக்கமானது சென்ட்ரல் நிலையம்.

கேள்வி: எங்கே நின்று, எப்போது பார்க்க வேண்டும்?

முகப்பு மேற்கு நோக்கியது. ஆகவே காலையில் சிற்பங்கள் நிழலில் கிடக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் பட்டால்தான் புடைப்புகள் எழுந்து நிற்கும். முழு முகப்பையும் காண எதிர்ப்பக்கத்து மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே நிற்பது நல்லது. அதுவும் ஸ்டீவன்ஸ் கட்டி 1893-இல் முடித்ததே. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால், இந்திய வடிவங்களுக்கு அவர் பிற்காலத்தில் இன்னும் அதிக இடம் கொடுத்தது விளங்கும். பிறகு சாலையைக் கடந்து வந்து, முகங்களுக்கும் மயில்களுக்கும் தனியே நேரம் ஒதுக்க வேண்டும்; கையில் தொலைநோக்கி இருந்தால் மேல்தளச் சிற்பங்களும் எட்டும். மாடிப்படியும் குவிமாடத்தின் உட்புறமும் அலுவலகப் பகுதியில் இருப்பதால் விரும்பிய நேரத்தில் நுழைய முடியாது. ரயில்வேயின் பாரம்பரியக் காட்சிக்கூடத்துக்கு அனுமதிக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, வேலைநாளாகப் பார்த்துச் செல்ல வேண்டும்.